உடலுக்குள் ஒரு குழாய்

விருதுநகர் ஜில்லாவில் மனிதர்கள் விழுவதற்கு இடங்களுக்குக் குறைவில்லை. பனை மரம் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறது. கட்டட வேலைக்குக் கட்டிய சாரம் இருக்கிறது. இவை போதாவென்று, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் பட்டாசுச் சாலைகள் வேறு. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் மறுபடியும் அதே கோரம். இப்படிப்பட்ட நாட்களில் பத்திரிகைகள் இறந்தவர்களின் தொகையைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகின்றன. பிழைத்தவர்கள் ஆஸ்பத்திரியை விட்டு வீடு திரும்பிய பிற்பாடு என்ன ஆனார்கள் என்பதை ஒருவரும் எழுதுவதில்லை.

அவர்களில் சிலரும், பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களும், பக்கவாதத்தால் படுத்துவிட்ட முதியவர்களும், புராஸ்டேட் கோளம் வீங்கிச் சிறுநீர் இறங்காமல் தவிக்கும் கிழவர்களும் உடம்போடு ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். கதீட்டர் என்று டாக்டர்கள் சொல்வார்கள். நம் வீடுகளில் அதற்கு "டியூப்" என்று பெயர். அந்தக் குழாய் ஒரு வாரம் இருந்தால் அது உபகாரி. ஒரு வருஷம் இருந்தால் அதை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்து உபகாரியாகவும் இருக்கும், எமனாகவும் இருக்கும்.

இந்த விஷயத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். சிறுநீரைப் பற்றிப் பேசுவது நாகரிகமல்ல என்று நாம் வெகுகாலமாகக் கருதி வந்திருக்கிறோம். அந்த நாகரிகத்திற்கு விலை கொடுக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், இரவு இரண்டு மணிக்குக் குழாய் அடைத்துக்கொண்டு கணவன் துடிக்கையில், யாரிடம் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கும் மனைவிதான். ஆகையால் கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

குழாயைச் செலுத்திச் சிறுநீரை இறக்கும் வித்தை புதிதல்ல. சுசுருத ஸம்ஹிதையில் நாடீ யந்திரங்கள் என்ற பெயரில் குழல் வடிவமான கருவிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. நீர்த்துவாரம் குறுகிப் போனவர்களுக்கு இரும்பினாலோ மரத்தினாலோ செய்த, இரு முனையும் திறந்த குழலை நெய் பூசி மெதுவாகச் செலுத்த வேண்டும் என்று அதில் விதி உண்டு. இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, எல்லாம் நம்மவர்களிடமிருந்து போனதுதான்!" என்று மார்தட்டிக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். தட்டட்டும், நல்லதுதான். ஆனால் அதே சுசுருதர், வைத்தியன் நகத்தை ஒட்ட நறுக்கிக்கொண்டு சுத்தமான வஸ்திரம் உடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த ஏட்டையும் புரட்டிவிட்டு மார்தட்டினால் இன்னும் நல்லது.

மேல்நாட்டில் வெகுகாலம் வெள்ளிக் குழாய்களை உபயோகித்தார்கள். 1752-ம் வருஷம், பட்டம் விட்டு மின்னலைச் சோதித்த அதே பெஞ்சமின் பிராங்க்ளின், கல்லடைப்பு நோயால் வருந்திய தம் தமையனார் ஜானுக்காக, வளைந்து கொடுக்கும்படியான வெள்ளிக் கதீட்டர் ஒன்றைத் தட்டானைக் கொண்டு செய்வித்து அனுப்பினார். குழாயின் பருமனைக் குறிக்கும் எண் பாரிஸ் நகரத்துக் கருவி செய்பவரான ஷாரியேர் என்பவர் வகுத்தது. குழாயின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து மூன்றால் பெருக்கினால் அந்த எண் வரும். 16-ம் எண் குழாய் என்றால் ஐந்தேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இன்று வீடுகளில் காணப்படும் குழாய், அமெரிக்காவில் செயின்ட் பால் நகரத்து டாக்டர் பிரெடரிக் போலி என்பவர் பெயரால் வழங்குவது. 1930-க்குப் பிந்திய சில வருஷங்களில் உருவானது. அதன் நுனிக்கருகில் ஒரு சின்னஞ்சிறு பலூன் இருக்கிறது. குழாய் உள்ளே போய்ச் சேர்ந்ததும் பக்கத்துக் கிளை வழியாகச் சுமார் 10 மில்லி சுத்திகரித்த ஜலத்தைச் செலுத்தினால் பலூன் உப்பிக்கொள்ளும். குழாய் நழுவி வெளியே வராது. யோசனை அவ்வளவுதான். ஆனால் இந்தப் பலூன் இல்லாவிட்டால் குழாயோடு வீடு திரும்புவது என்ற பேச்சே இல்லை.

பட்டாசு விபத்தில் தீப்புண் பட்டவர்களுக்கு முதல் நாளிலேயே இந்தக் குழாயை வைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. வெந்த தோலின் வழியாக உடம்பிலுள்ள நீரெல்லாம் கசிந்து போய்விடுகிறது. இரத்தக் குழாயில் எவ்வளவு திரவம் ஏற்றினால் போதும் என்பதைச் சிறுநீரின் அளவைக் கொண்டுதான் டாக்டர்கள் நிர்ணயிக்கிறார்கள். வயது வந்தவர்களுக்கு மணிக்கு 30 முதல் 50 மில்லி வரை இறங்கினால் சிறுநீரகம் பிழைத்தது என்று அர்த்தம். இது உயிர் காக்கும் குழாய். இதைக் குறை சொல்வதற்கில்லை. ஆபத்து நீங்கிய பிறகும் அதை எடுக்க மறந்துவிடுவதுதான் குறை. எந்த ஆஸ்பத்திரியிலும் இது நடக்கிறது. எந்த தேசத்திலும் நடக்கிறது. படுக்கையின் அருகே இருக்கும் உறவினர் தினந்தோறும் காலையில் டாக்டரிடம், "ஐயா, இந்தக் குழாய் இன்றும் தேவைதானா?" என்று வணக்கமாக ஒரு கேள்வி கேட்டால் போதும். நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏன் இந்த அவசரம் என்றால், கிருமிகளுக்கு இந்தக் குழாய் ராஜபாட்டை. ஆரோக்கிய காலத்தில் நாம் சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு தடவையும் மூத்திராசயம், அதாவது உள்ளே இருக்கும் பை, தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது. குழாய் வைத்ததும் அந்தக் கழுவல் நின்று போகிறது. குழாய் உள்ள ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேர் வரை புதிதாகச் சிறுநீரில் கிருமி குடியேறப் பெறுகிறார்கள் என்பது வைத்தியர்களின் கணக்கு. ஒரு மாதம் ஆகிவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி உண்டு. இதில் சுத்தக்காரர், அசுத்தக்காரர் என்ற பேதம் கிடையாது. சுத்தமாக இருப்பவர்களுக்கு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

கிருமிகள் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, குளத்துப் படிக்கட்டில் பாசி படிவது போல, வழவழப்பான ஒரு படலத்தைப் பூசிக்கொள்கின்றன. அந்தப் படலத்திற்குள் இருக்கும் கிருமியை மருந்து எளிதில் எட்டுவதில்லை. ஆகவேதான் குழாய் இருக்கும் வரையில் எவ்வளவு விலையுயர்ந்த மாத்திரையை விழுங்கினாலும் கிருமியை அடியோடு ஒழிக்க முடிவதில்லை.

இக்கிருமிகளில் புரோட்டியஸ் என்று ஒன்று உண்டு. கிரேக்க புராணத்தில் நினைத்த உருவம் எடுக்கும் ஒரு தேவனுடைய பெயர். இது சிறுநீரிலுள்ள யூரியாவைப் பிளந்து அம்மோனியாவாக மாற்றுகிறது. அம்மோனியா சேர்ந்ததும் சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. காரத்தில் மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் உப்புக்களாகப் பிரிந்து படிகின்றன. நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதைப் போன்ற படிவுதான் குழாயின் வாயிலும் படிகிறது. நாளாக ஆகக் குழாய் அடைத்துக்கொள்கிறது. உப்பு பலூனின் மேல் ஓடாகப் படிந்து, குழாயை எடுக்கும்போது உதிர்ந்து உள்ளே விழுந்தால், அதையே கருவாகக் கொண்டு கல் வளர்கிறது. கல்லின் இடுக்கில் மறுபடியும் கிருமி. ஒருவருக்குக் குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டால், குழாயை மாற்றிக்கொண்டே இருப்பது மட்டும் போதாது. உள்ளே கல் இருக்கிறதா என்று ஸ்கான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பையன் ஒரு நாள் பாடம் முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "ஸார், எங்க அப்பத்தாவுக்கு மாட்டியிருக்கிற பை ஊதாக் கலரா மாறிப் போச்சு. செய்வினைன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நெசமா ஸார்?" என்று கேட்டான். செய்வினைதான், ஆனால் செய்தவை கிருமிகள். நாம் உண்ணும் புரதத்தில் டிரிப்டோபேன் என்று ஒரு சத்து இருக்கிறது. மலச்சிக்கலால் அது குடலில் தங்கி அழுகும்போது உண்டாகும் ஒரு பொருள் ஈரல் வழியாகச் சிறுநீரில் வந்து சேர்கிறது. அதைச் சில கிருமிகள் பிளக்கும்போது நீலமும் சிவப்புமாக இரண்டு சாயங்கள் பிறக்கின்றன. இரண்டும் கலந்தால் நாவற்பழ நிறம். அந்த நீலம் வேறொன்றுமல்ல, அவுரிச் செடியிலிருந்து எடுக்கிறார்களே, அதே நீலம். 1917-ல் எந்தப் பயிருக்காகச் சம்பாரண் குடியானவர்கள் பட்ட துன்பத்தைப் போக்க மகாத்மா அங்கே சென்றாரோ, அந்தச் சாயத்தை ஒரு கிழவியின் படுக்கையருகே கிருமிகள் கூலியில்லாமல் தயார் செய்துகொண்டிருந்தன! பையனிடம் இதைச் சொல்லி, நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மலச்சிக்கலைக் கவனிக்க வேண்டும், குழாயையும் பையையும் மாற்றும் நாள் வந்துவிட்டதா என்று நர்ஸம்மாவிடம் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் அவன் வகுப்பு முழுவதற்கும் இந்த ரசாயனத்தை விளக்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்னைவிட நன்றாகவே விளக்கினான்.

மலச்சிக்கல் என்றவுடன் இன்னொன்று. குழாய் இருந்தும் துணி நனைகிறதே என்று பல வீடுகளில் குறைப்படுகிறார்கள். உடனே, இன்னும் பருமனான குழாய் போட்டால் கசியாது என்று எண்ணுவது இயற்கை. அது தவறு. கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் குழாய் மடங்கியிருப்பது, அடைத்திருப்பது, மலம் கட்டி அழுத்துவது, அல்லது மூத்திராசயம் அந்நியப் பொருளைச் சகிக்காமல் இழுத்துச் சுருங்குவது. பருமனான குழாய் அந்த எரிச்சலை அதிகமாக்கும். பெண்களுக்கு நீர்த்துவாரமே நாளடைவில் விரிந்து கொடுத்துவிடும். புருஷர்களுக்குக் குழாய் எப்போதும் ஒரே பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்தால் துவாரத்தின் கீழ்ப்புறம் கத்தியால் கீறினாற்போல் பிளந்து போவதும் உண்டு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றவர்களுக்கு இது நடப்பதே தெரியாது. குழாயைத் தொடையில் ஒட்டுத் துணியால் இழுப்பில்லாமல் பொருத்தி, பக்கத்தை நாளுக்கு நாள் மாற்றி வந்தால் இதைப் பெரிதும் தடுக்கலாம். காலணா பெறாத காரியம். செய்யாவிட்டாலோ பிற்பாடு ரண சிகிச்சை.

குழப்பமடைந்த முதியவர்கள் சிலர் குழாயைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். உள்ளே பலூன் உப்பியிருக்கையில் இழுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வருஷக் கணக்கில் குழாயோடு இருப்பவர்களுக்கு, மூத்திராசயம் வேலையின்றிச் சுருங்கிப் போவதும், கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்குவதும், வெகு சிலருக்கு அங்கே புற்றுநோய் உண்டாவதும் கூட வைத்திய நூல்களில் பதிவாகியிருக்கின்றன. காரணம் தெரியாமல் சிறுநீரில் இரத்தம் வந்தால், "குழாய் உரசியிருக்கும்" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

முதுகெலும்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவர்களுக்கு மட்டும் உரிய ஓர் அபாயம் இருக்கிறது. இதை அவ்வீட்டார் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். குழாய் அடைத்து மூத்திராசயம் நிரம்பினால், அந்த வேதனை அவர்களுக்குத் தெரிவதில்லை. அதற்குப் பதிலாக, இரத்த அழுத்தம் திடீரென்று எகிறுகிறது. மண்டை பிளக்கும் தலைவலி. முகத்தில் ஜிவுஜிவென்று சிவப்பு. அடிபட்ட இடத்திற்கு மேலே வியர்வை கொட்டும். "வெயில் தாக்கிவிட்டது" என்று எண்ணி மோர் கொடுத்துப் படுக்க வைத்தால் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து உயிர் போகலாம். செய்ய வேண்டியது இதுதான்: உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணிகளைத் தளர்த்தி, குழாய் எங்கேனும் மடங்கியோ உடம்பின் கீழே நசுங்கியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேராக்கியும் சிறுநீர் இறங்கவில்லையென்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இனி மருந்து விஷயம். சிறுநீர் கொஞ்சம் கலங்கினாலும், நாற்றம் அடித்தாலும் மருந்துக் கடைக்கு ஓடி ஆண்டிபயாடிக் மாத்திரை வாங்கி வரும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. குழாய் உள்ளவரின் சிறுநீரைச் சோதித்தால் கிருமி இருக்கத்தான் செய்யும். அது மட்டுமே வியாதி ஆகாது. ஜுரம், குளிர் நடுக்கம், விலாப்புறத்தில் வலி, முதியவர்களுக்கானால் திடீரென்று புத்தி தடுமாறுவது, ஆகாரம் மறுப்பது, இவற்றில் ஏதாவது சேர்ந்தால்தான் அது வியாதி. அப்பொழுது டாக்டரிடம் தாமதியாமல் போக வேண்டும். குழாய் இரண்டு வாரத்திற்கு மேல் பழையதானால் முதலில் அதை மாற்றி, புதுக் குழாயிலிருந்து பிடித்த சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பி, பிறகு மருந்து தொடங்குவதே முறை. பையின் அடியில் தேங்கியதை ஊற்றிக் கொடுத்தால் பையில் வளர்ந்த கிருமியைத்தான் சோதனைச் சாலை எண்ணிச் சொல்லும்.

வேண்டாத மருந்தை விழுங்குவதால் வரும் கேடு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. இந்தியாவுக்கு வந்திருந்தபோது ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவருக்குச் சிறுநீரில் தொற்றிய கிருமியில், மிகக் கடைசியாகக் கையாளும் மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் சக்தி இருந்ததைக் கண்டு, 2009-ல் அதற்கு நம் தலைநகரின் பெயரையே சூட்டிவிட்டார்கள் மேல்நாட்டு விஞ்ஞானிகள். மறு வருஷம் அதைப் பற்றி விரிவான கட்டுரை வெளியானபோது தேசமே கொதித்தது. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த நம் தமிழ் இளைஞர் கார்த்திகேயன் குமாரசாமி என்பதைக் கொதித்தவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. ஒரு கிருமிக்கு ஒரு நகரத்தின் பெயரை வைத்தது பண்பற்ற செயல் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் கிருமி வெளியேறிவிடுமா? தேசாபிமானம் உள்ளவர்கள் அந்தக் கோபத்தில் ஒரு பங்கையாவது, டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை கேட்டு நிற்கும் தங்கள் சொந்தக் கையின் மேல் திருப்பியிருக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டிய காரியங்கள் ஒன்றும் பிரமாதமானவை அல்ல. குழாயைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பை எப்போதும் மூத்திராசயத்தின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் தரையில் படக் கூடாது. நோயாளியை ஆட்டோவில் ஏற்றும்போது பையைத் தூக்கி மடியில் வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அது உள்ளே போன அழுக்குக்கு நாமே திரும்பு டிக்கட் வாங்கிக் கொடுப்பதாகும். பை மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் அடியிலுள்ள திறப்பின் வழியாகக் காலி செய்ய வேண்டும். குழாயையும் பையையும் இணைத்த இடத்தைக் காரணமின்றிப் பிரிக்கலாகாது. குழாய் உடம்பில் நுழையும் இடத்தைக் குளிக்கும்போது சோப்பும் ஜலமும் கொண்டு கழுவினால் போதும். டெட்டாலும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுப் போகும்.

ஜலம் நிறையக் கொடுக்க வேண்டும். இங்கேதான் நம் பெண்களோடு எனக்கு வழக்கு. பை சீக்கிரம் நிரம்பினால் அடிக்கடி காலி செய்ய வேண்டுமே என்று நோயாளியே ஜலம் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். மருமகளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்ற நல்லெண்ணம். மருமகளும் வற்புறுத்துவதில்லை. சித்திரை வைகாசியில் நம் கரிசல் காட்டு வெயிலில் இந்த நல்லெண்ணம் கொல்லும். சிறுநீர் தேன் நிறத்தில் கெட்டிப்பட்டால் உப்பும் சீக்கிரம் படியும். இருதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருந்து டாக்டர் அளவு வைத்திருந்தாலொழிய, நீர்மோர், இளநீர், வெறும் பானைத் தண்ணீர், எதுவானாலும் சரி, சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இறங்கும்படி கொடுக்க வேண்டும்.

குழாய் அவசியந்தானா என்ற கேள்விக்கு வருவோம். முதல் உலக யுத்தத்தில் முதுகெலும்பு முறிந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் குண்டினால் சாகவில்லை. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்க் கிருமியாலும் செத்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஹிட்லருக்குத் தப்பி வந்த யூத வைத்தியர் லுத்விக் குட்மன், 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் இத்தகையவர்களுக்கென்று தனி விடுதி தொடங்கி, அந்த விதியை மாற்றிக் காட்டினார். குழாயை நிரந்தரமாக வைக்காமல், வேளைக்கு வேளை செலுத்தி, இறக்கியவுடன் எடுத்துவிடும் முறையை அவர் வற்புறுத்தினார். அதற்கு அவர் விதித்த சுத்தம் ரண சிகிச்சைக் கூடத்துச் சுத்தம். வீட்டில் நடவாத காரியம். 1972-ல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை டாக்டர் ஜாக் லாப்பிடஸ், அவ்வளவு மடி வேண்டாம், சாதாரணமாகக் கை கழுவிவிட்டு நோயாளி தாமே செலுத்திக்கொள்ளலாம், மூத்திராசயம் மிதமிஞ்சி நிரம்பாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம் என்று வெளியிட்டார். அக்காலத்தில் பலருக்கு இது ஆசாரக் கேடாகத் தோன்றியது. இன்று உலகெங்கும் கைகள் இயங்குகிறவர்களுக்கு முதலாவதாகச் சொல்லப்படும் முறை இதுவே. நாலு மணி முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒரு தடவை செலுத்தி எடுத்தால் பையும் இல்லை, பலூனும் இல்லை. நம் நாட்டில் ஒரே குழாயைச் சோப்பு ஜலத்தில் கழுவி உலர்த்தி மறுபடியும் கையாளும் சிக்கனமும் வழக்கத்தில் உண்டு.

இதை நம் மாகாணத்தில் வேரூன்றச் செய்ததில் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் என்ற அம்மையார் 1954-ல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று புனர்வாழ்வு வைத்தியம் பயின்று வந்தார். 1966-ல் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் அதற்கென ஒரு நிலையம் அவர் தலைமையில் ஏற்பட்டது. நமக்கு இன்னும் பக்கத்தில், தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில், 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தை ஸ்தாபித்தார். முதுகெலும்பு முறிந்தவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இடம் அங்கே உண்டு. பனையேறி ஒருவர் விழுந்துவிட்டால், "இனி படுக்கைதான், டியூப்தான்" என்று ஊரார் தீர்மானித்துவிடுகிறார்கள். பயிற்சி என்று ஒன்று இருப்பதும், ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் அது இருப்பதும் அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை.

கைகளும் இயங்காதவர்களுக்கு அடிவயிற்றில் சிறு துவாரமிட்டு அதன் வழியே குழாய் வைப்பது ஒரு வழி. கிருமித் தொல்லை அதிலும் உண்டு. ஆனால் நீர்த்துவாரம் பிளந்து போகாது, மாற்றுவதும் எளிது, தம்பதிகளின் வாழ்க்கைக்கும் தடையில்லை. சிறுநீர் தானாகக் கசிந்துவிடும் புருஷர்களுக்கு உறை போல் வெளியே மாட்டும் சாதனம் இருக்கிறது. புராஸ்டேட் வீக்கம் உள்ள கிழவர்களோ ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டு மாதக் கணக்கில் குழாயோடு உலாவுகிறார்கள். அவர்களுக்கு மருந்தும் ரண சிகிச்சையும் உண்டு. மதுரை அரசினர் ராஜாஜி ஆஸ்பத்திரி வரையில் போனால் விசாரித்துக்கொள்ளலாம். விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு அலைவது எப்படி என்று கேட்பவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோய்த்தணிப்பு நர்ஸைப் பற்றி விசாரிக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் இந்தச் சேவையும் சேர்க்கப்பட்டது.

கடைசியாக, சாத்தூர் வாசகி ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருந்த கேள்வி: ரப்பர்க் குழாய் நல்லதா, சிலிகோன் குழாய் நல்லதா? சாதாரண ரப்பர்க் குழாயை இரண்டு முதல் நான்கு வாரத்திற்குள் மாற்றிவிட வேண்டும். முழுவதும் சிலிகோனால் ஆனது விலை கூடுதல். ஆனால் 12 வாரம் வரையில் வைக்கலாம். உட்துவாரம் சற்று அகலம். ரப்பர் ஒவ்வாதவர்களுக்கும் ஏற்றது. எந்தக் குழாயானாலும், வைத்த தேதி, எண், பலூனில் விட்ட ஜலத்தின் அளவு மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவையுங்கள். எடுக்க வரும் நர்ஸ் முதலில் கேட்பது அதைத்தான். படுக்கைப் புண்ணைப் பற்றியும் அந்த வாசகி கேட்டிருக்கிறார். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயமாகையால் அடுத்த வாரம் எழுதுகிறேன்.